வால் நைராவுக்குப் போனவர்கள்

கூர், அக்டோபர் 6

அன்புள்ள செராய்னா அக்காவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் நமக்குள் சண்டை மூளும், அதனால்தான் கடிதம். அகதிகளை எந்த ஊருக்கு அனுப்பினால் வேலை கிடைக்கும் என்று, நிஜ ஆட்களைத் தொடாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே அனுப்பிப் பார்த்தாயே, அந்தச் சோதனையை நீ கேட்டபடி என் மெஷினில் மறுபடி ஓட்டினேன். புள்ளி பிசகாமல் அதே விடை! துள்ளிக் குதித்தேன், போ.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எப்போது ஓட்டினாலும் பாதிப் பேரை வால் நைரா பள்ளத்தாக்குக்கே தள்ளுகிறது. பனியையும் மூடிக்கிடக்கும் ஹோட்டலையும் விட்டால் அங்கே என்ன இருக்கிறது? துருவிப் பார்க்கிறேன்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ வராதது தப்புதான்.

அன்புத் தம்பி,
ஃப்ளூரின்

பெர்ன், அக்டோபர் 13

என் செல்லத் தம்பிக்கு,

அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தாய். உன் கடிதத்தைக் குடியேற்ற அலுவலகத்தில் காட்டிவிட்டேன். நவம்பரில் அந்தக் கணக்குப்படி நிஜமாகவே ஆட்களை அனுப்ப ஆரம்பிக்கிறார்கள்.

முந்தைய வருடங்களில் வால் நைராவுக்குப் போன அகதிகள் அத்தனை பேரும் வேலையில் இருப்பதாக அலுவலகப் பதிவு சொல்கிறது. வேறென்ன வேண்டும்? முதலில் போகிறவள் லெட்டாய், எரித்ரியப் பெண், கர்ப்பிணி, கூட யாருமில்லை. "அங்க எனக்கு நிச்சயமா வேலை கிடைக்கும்தானே மேடம்?" என்று என் கையை விடவே இல்லை. ரொம்பத் துருவாதே.

உன் அக்கா,
செராய்னா

கூர், அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. ஒரு வருடம் கழித்து அலுவலகம் விசாரிக்கும்போது பதில் தராதவர்களை உன் புரோகிராம் கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறது. மிஞ்சியவர்கள் வேலையில் இருப்பவர்கள் மட்டும். அதனால்தான் வால் நைரா சொர்க்கமாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், முன்பு வந்த அகதிகளைப் பற்றி விசாரித்தேன். கடைக்கார அம்மா சொன்னது இது: "அவங்களா? குளிர் ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா காணாமப் போயிட்டாங்க தம்பி. எங்கன்னு யாரு கேட்டா? பனி உருகினப்ப ஒருத்தனைப் பாலத்துக்குக் கீழதான் எடுத்தோம். உங்க ஆளுங்க மறுபடியும் அனுப்புறாங்களாமே, வெக்கமா இல்ல?"

காணாமல் போனவர்களையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். வால் நைரா கடைசி இடத்துக்கு இறங்கிவிட்டது. லெட்டாயை நிறுத்து அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஃப்ளூரின்

பெர்ன், அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். இப்போது வாயைத் திறந்தால் என் பல வருட உழைப்பு நாசம், வேலையும் போய்விடும். விடை ஒத்துப்போனது என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய்; அதைக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வருடம் திருத்திவிடுகிறேன், சத்தியமாக. லெட்டாய் கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள். என்னைப் புரிந்துகொள்ளடா.

உன் அக்கா

வால் நைரா, டிசம்பர் 14

முனைவர் செராய்னா கதுஃப் அவர்களுக்கு,

லெட்டாயைப் பார்க்க வந்தேன். அறை திறந்து கிடக்கிறது, அடுப்பில் சூடு இல்லை. குழந்தைக்குப் பின்னிய குல்லாய் கட்டில்மேல் பாதியில் கிடக்கிறது. அவள் எங்கே என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. போலீஸில் சொல்லிவிட்டேன். இங்கே பனி விட்டபாடில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த வருடம் விசாரிக்கும்போது அவள் பதில் சொல்லமாட்டாள். உங்கள் கணக்கில் வால் நைரா இன்னும் நல்ல ஊராகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஃப்ளூரின் கதுஃப்