பழுப்புத் தாளில் ஐவி

லண்டன், 1886 பிப்ரவரி 1
துணி துவைத்து முடிக்கவே மதியமாகிவிட்டது. சோப்பு வாங்கப் போன இடத்தில் மிஸஸ் டாப். ஓவியர் ஓக்‌ஷாட் வீட்டில் சமைத்தவள். "ஐயா போய்ட்டாருடி கெஸி. பெரிய படம் போடறதுக்கு முன்னால வரைஞ்சு பாத்த தாளையெல்லாம் வீட்டம்மா மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க" என்றாள்.

அப்படியென்றால் ஐவியும் அங்கேதான் இருப்பாள்.

அந்தப் படத்துக்கு நான் மாதிரியாக உட்காருவேன்; அவள், என் கைக்குழந்தை, மடியில் தூங்குவாள். ஓவியர் பழுப்புத் தாளில் சுண்ணக்கட்டியால் வரைவார். பலகை அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஒருநாளும் காட்டியதில்லை. முடிந்த ஓவியத்தில் தேவதைக் குழந்தைக்கு யாரோ பிரபு வீட்டுப் பேத்தியின் முகம். அந்தக் குளிர்காலமே என் மகள் தொண்டை அடைப்பு நோய் வந்து இறந்துபோனாள். புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் அவள் முகம் வருவதில்லை — பெற்றவளுக்கு இப்படி ஆகுமா?

பிப்ரவரி 2
மியூசியத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். ரூபன் கரண்டியைக் கீழே வைத்தார். "அந்தாளு வீட்டுக் குளிர்லதான் புள்ளைக்கு வந்துது. அப்பவே போகாதேன்னேன். இப்பவும் போணும்னா நீ போ."

ஐவி போனபின் அவர் அவளைப் பற்றிப் பேசியதே இதுதான்.

பிப்ரவரி 3
ரூபன் சாப்பிடாமலே பட்டறைக்குப் போனார்.

பிப்ரவரி 17
மியூசியம். "நீங்க ஓவியரா?" என்றான் வாசல் காவல்காரன். "படத்துக்கு மாதிரியா உக்காந்தவ" என்றேன். பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தான். உள்ளிருந்து வந்த அலுவலர் மிஸ்டர் பிம் மட்டும், "எடுத்து வைக்கிறேம்மா, அடுத்த புதன் வாங்க" என்றார்.

பிப்ரவரி 24
பார்த்தேன்.

என் முழங்கை. என் பாவாடை மடிப்பு. அதன்மேல் ஐவி. விரல்களை மடக்கிய கை, கழுத்துச் சதை, உதைத்துக்கொண்டே தூங்கும் கால் — எல்லாம் அவளேதான். முகம் மட்டும் இல்லை. ஒரு வட்டம். வெறும் வட்டம்.

"முகத்துக்குத்தான் வேற குழந்தை இருந்துச்சே, அதான் விட்டிருப்பாரு" என்றார் மிஸ்டர் பிம்.

எப்படி வீட்டுக்கு வந்தேன்? அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரூபன் வந்து, என்ன ஆச்சு என்றார். "மொகமே போடலைங்க. எனக்கும் மறந்துபோச்சு. ரெண்டும் போச்சுங்க." அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. அடுப்பை அவரே மூட்டினார்.

மார்ச் 3
பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ரூபன் கூட வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக: "தூங்கறப்ப வாய் கொஞ்சம் தெறந்திருக்கும். சிரிச்சா வலது கன்னம் மட்டும் குழியும். நீ மடியில வெச்சு மேலேர்ந்து பாத்தவ. நான் எதிர்ல உக்காந்து பாத்தவன்."

பாலம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். மழை.

மார்ச் 4
வேலைக்குக் கிளம்பியவர் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தார். "காதுக்குப் பின்னால ஒரு மச்சம். நேத்து சொல்ல விட்டுட்டேன்" என்றார்.