பேர் கூப்பிடும் நேரம்

மேலகரம்

அன்பு மகன் நம்பிராஜனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். அந்த மலைக் குளிரில் நீ முழு நலமாக இருக்கக் குற்றாலநாதர் துணை. இங்கே சாரல் தொடங்கிவிட்டது, துணி ஒன்றும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா ஏன் பேசாமல் உன்னையே உற்றுப் பார்த்தார் என்று கேட்டாய். அவர் பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்புவது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆனதையும் மறந்துவிட்டார். காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே கிளம்பிவிடுகிறார். இப்போது அங்கே ஹெட்மாஸ்டராக இருக்கும் வித்யாலட்சுமி அவரிடம் படித்தவள் அல்லவா, பிரேயர் முடிந்ததும் மூன்றாம் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார விடுகிறாள். அவர் பேர் கூப்பிடுவார், எல்லாம் உன்னோடு படித்தவர்கள் பேர். இந்தப் பிள்ளைகள் சரியான வாலுகள், அந்தப் பேர்களைப் பங்கு போட்டுக்கொண்டு உள்ளேன் ஐயா என்று குரல் கொடுக்கிறார்கள். போலீஸ் ஆகிவிட்ட இசக்கிமணி பேருக்குத்தான் அடிதடி. ஒருநாள் நல்லகண்ணு பேருக்கு ஜன்னலில் இருந்த குரங்கு கத்தியிருக்கிறது, மரியாதையாகச் சொல்லு என்று அப்பா அதைத் திட்டினாராம். உன் பேர் நாசர் அண்ணாச்சி மகள் ஆஷிகாவுக்கு. முன்பல் விழுந்த வாயோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்துத்தான் சொல்லுவாள், நீ மிலிட்டரி அல்லவா.

பெலிக்ஸ் பேருக்கு மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அவன் கொரோனாவில் போனது ஊருக்கே தெரியும், இறந்தவர் பேருக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அமைதியில் அப்பா கொஞ்சம் தலையைக் குனிந்திருந்துவிட்டு அடுத்த பேருக்குப் போவார். எல்லாம் மறந்தவருக்கு அது மட்டும் புரிகிறது. போன வியாழக்கிழமை ஆஷிகாவுக்குக் காய்ச்சல். உன் பேரைக் கூப்பிட்டிருக்கிறார், அது ஆஷிகா பேர் என்று மற்ற பிள்ளைகள் சும்மா இருந்துவிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டாராம். அப்புறம் அடுத்த பேருக்குப் போகவே இல்லை, எழுந்து வீட்டுக்கு வந்து, என்னைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் புறவாசல் குழாயடியில் சட்டையோடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார். பதறிப்போய் யாருக்கு என்ன என்று கேட்டேன். "நம்பி போயிட்டான், ஆவுடை" என்றார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று உனக்குப் போன் போட்டேனே, அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும், போட்டோவில் நல்லாத்தான் இருக்கான் என்றார். திங்கட்கிழமை ஆஷிகா பள்ளிக்கூடத்துக்கு வந்து, சல்யூட் அடித்து உள்ளேன் ஐயா என்று சொல்லியும் பார்த்தாள். "செத்த பயலுக்குப் பதில் சொல்லாத தாயி" என்று அவள் வாயைப் பொத்தினாராம், பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிற்று. இப்போது உன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார். சாரல் காற்றில் கதவு ஆடினால் எழுந்து போய்ப் பார்க்கிறார், யாரும் இல்லை என்றால் கொஞ்சம் நகர்ந்து வழி விடுகிறார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எரியும் விளக்கை என்னால் பார்க்கவும் முடியவில்லை, என் கையால் அதைக் குளிரவைக்கவும் பயமாக இருக்கிறது. உன் குரலைக் கேட்டால்தான் எனக்கே மூச்சு வருகிறது.

எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா. நேரே வீட்டுக்கு வராதே, பயந்துவிடுவார். தென்காசியில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போ. இப்போது உன் பேரை அவர் கூப்பிடுவதில்லை, நீயாகவே வாசலில் நின்று உள்ளேன் ஐயா என்று சொல். நேரம் கழித்து வந்தவனை அவர் சும்மா உள்ளே விட்டதே கிடையாது. "ஏம்லே லேட்டு" என்று ஒரு வார்த்தை திட்டிவிட்டாரென்றால் போதும், நான் விளக்கைக் குளிரவைத்துவிடுவேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும் ராசா. குளிரில் காதை மூடிக்கொள். வரும்போது ஆஷிகாவுக்கு ஏதாவது வாங்கி வா, உன் பேரை அவள் இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

உன் அம்மா,
ஆவுடைத்தாய்