அப்பாவின் ஃபோல்டருக்கு என்ன பெயர்

19 ஜனவரி 2008, சனி. நாரின்

கேமராவில் 214 படங்கள். எல்லாம் அக்டோபரில் மாமனாரின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் எடுத்தவை. கார்டு நிரம்பிவிட்டது, இனி ஒன்று எடுக்க ஒன்றை அழிக்க வேண்டும். என் கணவர் திலெக் லாரியோடு பிஷ்கெக்கில் இருக்கிறார். அங்கிருந்து அவர் வாங்கி அனுப்பிய கேபிள் இன்று வந்தது. வீட்டுக் கணினி இரண்டு வருடமாகப் பூப்போட்ட துணிக்குள் இருக்கிறது. மாமியார் அந்தத் துணியை எடுப்பது தூசி துடைக்க மட்டும்தான்.

மாலை ஆறு மணிக்குக் கேபிளைச் சொருகினேன். 163-ஆவது படத்தில் மின்சாரம் போயிற்று.

20 ஜனவரி

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை கேமரா காலியாகிவிட்டது, கணினியிலும் ஒன்றையும் காணோம். நகல் எடுக்காமல் மொத்தத்தையும் எங்கோ நகர்த்தியிருக்கிறேன். எங்கே? பத்து நிமிடம் அந்த விருந்தே நடக்காதது போல இருந்தது. மாமியார் தேநீரோடு வந்தார்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போயிருக்கு?"

"குளிர்தாம்மா."

கடைசியில் திலெக்கின் பாட்டுகளுக்கு நடுவே கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன். 214.

22 ஜனவரி

ஆளுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் ஃபோல்டரிலேயே சிக்கல். கணவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாது. எழுதலாமா? மாமியாரிடம் கேட்டேன்.

"எழுதினதை யாராவது உன்னையே படிக்கச் சொன்னா என்ன பண்ணுவே?"

நியாயம்தான். 'அப்பா' என்று எழுதலாமென்றால், மாமனாரும் அவருடைய இரண்டு அண்ணன்மாரும் அந்தப் பெயருக்குச் சேர்ந்து வந்து நிற்பார்கள். அதனால் அவரவர் அதிகம் சொல்லும் வார்த்தையையே பெயராக வைத்துவிட்டேன். மூத்த பெரியப்பாவுக்கு 'கதவைச் சாத்து'. மாமியாருக்கு 'சூப்பில் உப்பு இல்லை'. மாமனாருக்கு 'யோசிப்போம்'. கூரை ஒழுகுகிறதே? யோசிப்போம். கிழட்டு ஆட்டை என்ன செய்வது? யோசிப்போம்.

இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் கணினியைத் தொடுவதில்லை. பயமில்லை.

6 பிப்ரவரி

மாவட்டப் பத்திரிகையிலிருந்து சாய்கல் அக்கா அழைத்தார். படங்களைக் கேமராவிலிருந்து கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர் ரஷ்யாவுக்குப் போய்விட்டாராம்.

"உனக்கு அது தெரியுமாமே, பெகாயிம்? நவ்ரூஸ் பண்டிகை முடிஞ்சு, மார்ச் இருபத்தினாலு திங்கக்கிழமை, அந்த நாற்காலியில ஒரு ஆள் இருக்கணும். நீயா இருந்தா நல்லது. இல்லேன்னா வேற ஆள் கேக்கறாங்க."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். கல்யாணமான பிறகு எனக்கென்று நான் கேட்கும் முதல் காரியம். இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். மாமனார் எலும்பைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"யோசிப்போம்."

7 பிப்ரவரி

யோசிப்பதாகத் தெரியவில்லை.

17 பிப்ரவரி

மாமியாருக்குப் படங்களைக் காட்டினேன். நடனமாடும் பெரியப்பாவைப் பார்த்து இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். 87-ஆவது படம்: மாமனார் குதிரைமேல் வருகிறார். கழுத்துக்கு மேலே இல்லை. தவறு என்னுடையது.

"அழிச்சிடு. அறுபது வயசுல மனுஷன் தலையில்லாம ஊர்வலம் போறதா?"

சரி என்றேன். அழிக்கவில்லை. குதிரை அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது: கருஞ்சிவப்பு நிறம், பின் இடது காலில் முழங்கால்வரை வெள்ளை. பின்னால் எங்கள் நீலக் கதவு. மூலையில் தேதி.

3 மார்ச்

மேய்ச்சலிலிருந்து அந்தக் குதிரையைக் காணோம். நான்கு நாளாக மாமனார் குன்று குன்றாக அலைகிறார். வந்து தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் படுக்கிறார். இந்த நேரத்தில் போய் நாற்காலியைப் பற்றி யார் கேட்பது?

14 மார்ச்

கேட்டேன். பத்து நாள்தானே இருக்கிறது.

அதே வார்த்தை.

18 மார்ச், கொச்கோர்

ஐந்து நாளைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். காலை பத்தேகாலுக்கு மாமனாரிடமிருந்து தொலைபேசி.

"மகளே, குதிரை கிடைச்சிடுச்சு. ஆனா அடுத்த பள்ளத்தாக்குக்காரன் ஒருத்தன், போன செப்டம்பர்லயே நான் வாங்கினதுங்கறான். அவனும் ஊர் அதிகாரியும் இங்கதான் உக்காந்து தேநீர் குடிக்கிறாங்க. அந்தத் தலையில்லாத படம் இருக்கா, அழிச்சிட்டியா?"

"இருக்குப்பா."

"கணினி முன்னாலதான் உக்காந்திருக்கேன். எதுல இருக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஃபோல்டர் பெயரைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னேன்.

"மேலேர்ந்து மூணாவதுப்பா."

"மேலே கீழேன்னு எதுவும் இல்லையே. எல்லாம் குறுக்கே வரிசையா இருக்கு. இரு, ஒண்ணொண்ணா படிக்கிறேன்."

மாமனார் எதையும் சத்தமாகத்தான் படிப்பார்.

"'கதவைச் சாத்து.' இது யாரு?"

"பெரியப்பா."

அங்கே யாருக்கோ தேநீர் புரையேறியது. அதிகாரியாக இருக்கலாம், அவர் பெரியப்பாவின் பக்கத்து வீடு.

"'சூப்பில் உப்பு இல்லை.'"

பின்னாலிருந்து மாமியார் குரல்: "யாருக்கு உப்பு இல்லையாம்?"

"உன்னைத்தான் எழுதியிருக்கா. 'யோசிப்போம்.'"

மாமனார் அதை இன்னொரு தடவை, மெதுவாகப் படித்தார்.

"இது?"

மாமியார்தான் பதில் சொன்னார். "அதை வேற கேக்கணுமா? திறங்க."

மவுஸ் இரண்டு முறை சொடுக்கும் சத்தம் கேட்டது. "இந்தா, கால். வெள்ளைக் கால். இந்தா, என் வீட்டுக் கதவு. தேதியை நீங்களே படிங்க."

அதிகாரி படித்தார்: "பதிமூணு, பத்து, ரெண்டாயிரத்தேழு."

புதுக் குரல் ஒன்று: "மேல இருக்கிறவருக்குத் தலையே இல்லையே. அது இவர்தான்னு எப்படிச் சொல்றது?"

"பிரச்சினை குதிரையைப் பத்தி. குதிரைக்குத் தலை இருக்கு," என்றார் அதிகாரி.

மாமனார் தொலைபேசியை வைத்துவிட்டார். குதிரை வீடு திரும்பிவிட்டது. என் நாற்காலி போச்சு. சும்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஏன் இப்படிப் புத்தி போகுது எனக்கு?

19 மார்ச்

திலெக் அழைத்தார். நான்கு நிமிடம் சிரிப்பு மட்டும். "எனக்கு என்ன பேர் வெச்சிருக்கே?"

சொல்லவில்லை.

22 மார்ச், சனி. நாரின்

மதியம் வந்து சேர்ந்தேன். குதிரை முற்றத்தில் நிற்கிறது. மாமனார் அதன் குளம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "வந்துட்டியா" என்றார், நிமிராமல். அவ்வளவுதான்.

உள்ளே மாமியார் சூப்புக் கிண்ணத்தை நீட்டினார். "உப்பு சரியா இருக்கான்னு பாரு. இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சரியா இருக்கும்மா."

"உங்க மாமனார் ரெண்டு நாளா அந்தக் கேமராவோட மல்லுக்கட்டினார். கேபிளைத் தலைகீழா சொருகி, என்னைத் திட்டி. யாரையும் கிட்ட விடலை."

துணியை எடுத்துக் கணினியைப் போட்டேன். 'கதவைச் சாத்து' இருந்தது. 'சூப்பில் உப்பு இல்லை' இருந்தது. 'யோசிப்போம்' இல்லை. அந்த இடத்தில் 'யோசித்தாச்சு'.

திறந்தேன். பழைய படங்கள் அத்தனையும் இருந்தன, கடைசியில் புதிதாக ஒன்று. பாதிக்குக் கட்டைவிரல். மீதிப் பாதியில், கொஞ்சம் மங்கலாக, என் பூட்ஸ். கொழுப்புத் தடவிப் பளபளவென்று, திங்கட்கிழமைக்குத் தயாராக, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது.