வாயாடிக்காக எழுதிய விதி

அன்பு மகள் சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அது மாத்திரையாலா இல்லை என்னைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்கியதாலா என்று டாக்டருக்கே தெரியவில்லை. உன் தம்பி வேலை மாறிவிட்டான், புது ஆபீசில் நாற்காலி நன்றாக இருக்கிறதாம், என்ன வேலை என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை. போனில் பேசினால் நீ 'சரிப்பா, பார்த்துக்கலாம்' என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் தலை குழம்பிக் கிடக்கிறது.

நம் மாவட்டத்துப் பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவை எதற்கு வைத்துக்கொள்ளலாம், எதற்குக் கூடாது என்று விதி எழுத ஒரு குழு போட்டார்கள். தலைமை ஆசிரியர்கள் சார்பில் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அம்மா சிரித்தாள். கல்வி அதிகாரி அம்மா, ஒரு வக்கீல், ஒரு கம்ப்யூட்டர் ஆசிரியர், பெற்றோர் சிலர், எல்லாரும் மின்விசிறி கடகடக்கும் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளியில் அந்த விஷயம் நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், எல்லாரும் செல்லமாக வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் அவளுக்குக் குரல் போய்விட்டது. பழைய வீடியோக்களில் இருந்த அவள் பேச்சை வைத்து ஒரு ஆப் அவள் குரலையே செய்து கொடுத்திருக்கிறது, அவள் டைப் செய்தால் போன் அவள் குரலில் பேசும். வகுப்புப் பையன்கள் சிலர் விளையாட்டு என்று அந்தக் குரலை எடுத்து, வாயில் வராத வார்த்தையெல்லாம் பேச வைத்து, ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். குழுவில் போய், பள்ளிக்குள் எந்தப் பிள்ளையின் குரலையும் முகத்தையும் இந்த மாதிரிக் கருவிகளில் பயன்படுத்தக் கூடாது என்று நானே விதி எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பையன்கள் பெற்றோரோடு அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவள் கேட்டுக்கொண்டு, 'சரி' என்று மட்டும் டைப் செய்தாளாம். பிறகு பள்ளிக்குத் திரும்பி வந்தாள். வந்த அன்றே வகுப்பாசிரியை விதிப்படி அவள் போனை வாங்கி என் அறை மேசை டிராயரில் வைத்துவிட்டார். எழுதிக் காட்ட ஒரு சின்னப் பலகை கொடுத்தார்களாம். சின்னு, இப்படி ஆகும் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. மறுநாள் அவள் அம்மா வந்தார், தையல்காரர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். சண்டை போடவில்லை. "சார், எம் பொண்ணு குரலை அவ வச்சுக்கணும்னா யாருகிட்ட அனுமதி கேக்கணும்?" என்றார். அவளைக் காப்பாற்றத்தானம்மா இந்த விதி என்றேன். "தெரியும் சார், காப்பாத்துங்க. ஆனா அவ வாயை மூடித்தான் காப்பாத்தணுமா?" என்று கேட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பவும் குழுவைக் கூட்டச் சொன்னேன். வக்கீல், ஒருத்தருக்கு வழிவிட்டால் ஒவ்வொருத்தரும் ஒரு காரணத்தோடு வருவார்கள் என்றார், சரியாகத்தான் பட்டது. கம்ப்யூட்டர் ஆசிரியர், அந்தக் குரல் எந்தக் கம்பெனியில் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றார், அதுவும் சரிதான். அந்த ஆப் செய்த கம்பெனிக்குப் போன் போட்டோம், ஒரு மெஷின் எடுத்து, உங்களுக்கு எப்படி உதவலாம் என்று மரியாதையாகத் திரும்பத் திரும்பக் கேட்டது, உதவிதான் செய்யவில்லை. எல்லாப் பக்கமும் தலையாட்டி என் கழுத்துதான் வலித்தது. கடைசியில் கல்வி அதிகாரி அம்மா, இவ்வளவு பேசறோமே, அந்தப் பொண்ணை யாராவது கேட்டீங்களா என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை. வரவழைத்தோம். போனைக் கையில் கொடுத்ததும் தலையைக் குனிந்து டைப் செய்தாள், நாங்கள் காத்திருந்தோம். "அந்தப் பசங்க செஞ்சதுதான் எல்லாரும் கடைசியா கேட்டது. நான் இனிமே பேசலைன்னா, அதுவே என் குரல்னு ஆயிடும்" என்று போன் சொன்னது.

நான் எழுதிய விதிக்கு எதிராக நானே கை தூக்கினேன். தன் குரலை வைத்துக்கொள்ளப் பிள்ளையும் பெற்றவர்களும் சம்மதித்தால் போதும், அடுத்தவர் குரலைத் தொட்டால் தண்டனை, குரலை எங்கே வைத்திருக்கிறோம் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும், அதைப் பள்ளிதான் கேட்டு வாங்க வேண்டும் என்று மாற்றினோம். வக்கீல் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்பாங்க" என்றார். கேட்கட்டும் என்றேன், ஆனாலும் எனக்குப் பயம்தான். மறுநாள் காலை அந்த வகுப்பு வாசலில் போய் நின்றேன். வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும் "உள்ளேன் அம்மா" என்று போன் சொன்னது. பிறகு அடுத்த பெயருக்குரியவன் சொன்னான், அவ்வளவுதான்.

இதோடு முடிந்ததென்று இருந்தால் நேற்று அவள் என் அறைக்கு வந்து நிற்கிறாள். "சார், என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் குரல் மாறிடுச்சு. எனக்கு மட்டும் இன்னும் சின்னப் பொண்ணு குரலாவே இருக்கு. கொஞ்சம் பெருசாக்கிக்கலாமா?" அந்த வீடியோக்களெல்லாம் அவள் குழந்தையாக இருந்தபோது எடுத்தவை. வளர்ந்த குரல் அவளுக்கு வரவே இல்லையே, அதை ஒரு மெஷின் ஊகித்துச் செய்தால் அது அவள் குரலா? எந்த விதியில் பார்ப்பது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கலங்கிய தண்ணீர் தானாகத் தெளியும் என்கிறாள் அம்மா. தெளியும்வரை பொறுத்திருக்க என்னால் முடியும், அந்தப் பெண் அதற்குள் வளர்ந்துவிடுவாள்.

உனக்கு என்ன தோன்றுகிறதோ எழுது, தெரியாது என்றாலும் எழுது, துணைக்கு ஓர் ஆள் ஆகும். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும். பல் வலியைத் தள்ளிப் போடாதே, டாக்டரைப் பார்.

என்றும் உன் நினைவாக,
அப்பா