ஆறுக்கு ஆறு சுவிச்சுப் பெட்டி

பெப்ரவரி 3, சனி
பெட்டி மூடியில் துளை போட்டு முடிந்தது. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு சுவிச். பழைய சாமான் சந்தையில் வாங்கிய விளையாட்டுப் பியானோவின் வயிற்றிலிருந்து பன்னிரண்டு வயரை இதற்குள் இழுக்க வேண்டும். பிறகு சுவிச்சைத் தட்டி நெட்டு வயரையும் குறுக்கு வயரையும் விரும்பியபடி சேர்க்கலாம். பியானோ பாட்டை மறந்து குரைக்கும், அழும், கொட்டாவி விடும்.

"நல்லாப் பாடுறதை ஏன் பழுதாக்கிறியள்?" என்றாள் என் மனைவி றோஸ்.

இவ்வளவும் எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. இந்த வயதில், போன வருடம்தான் தமிழ் எழுத்துப் படித்தேன்.

பெப்ரவரி 6
வயரை ஒட்ட உருக்கும் ஈயம் பிடிக்கவில்லை. என் பிழையாம், றோஸ் சொல்கிறாள். என் பிழை இல்லை, ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் சரியில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு
தானும் இப்படிச் சத்தப் பெட்டி செய்யும் மேல் வீட்டு லூக்காஸ் என்னைக் கேளாமலே ஒரு கச்சேரிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை கட்டடத்தின் பொது அறையில் நாங்கள் இருவரும் வாசிக்க வேண்டுமாம். பெட்டி முடியவில்லை என்றேன். "கோர் ப்ரா" என்றார் தன் மொழியில், சரிவரும் என்று. அவருக்கு எல்லாம் சரிவரும்.

றோஸ் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை வேலை செய்யாட்டி உது குப்பைக்கை போகும். எனக்கு என்ர சாப்பாட்டு மேசை வேணும்."

பெப்ரவரி 14, விபூதிப் புதன்
றோஸ் நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்தாள். வீடு முழுக்க ஈயப் புகை. "நாப்பது நாள் தவக்காலமும் பொறுமையா இருக்கச் சொன்னவர் பூசை வைச்ச சுவாமி. சுவாமிக்கு உங்களைத் தெரியாது."

வயர் எல்லாம் ஒட்டியாயிற்று. மூடியில் இடமிருந்து வலமாக அ ஆ இ ஈ உ ஊ, மேலிருந்து கீழாக ஒன்று முதல் ஆறு. பிறர் பார்க்க நான் எழுதிய முதல் எழுத்து. அ சாய்ந்துவிட்டது. ஊ நல்ல வடிவு.

பெப்ரவரி 16, வெள்ளி
அ-வில் குரைக்க வேண்டியது ஊ-வில் குரைக்கிறது. எல்லாம் இடம் வலம் மாறி. மூடியைக் கவிழ்த்து வைத்தல்லோ ஒட்டினனான் — கவிழ்த்தால் மாறும் எண்டு தெரியாதே? விசரன்.

லூக்காஸ் சிரிக்கிறார். இந்த வேலையில் பிழை என்று ஒன்று இல்லையாம். அப்ப என்னத்துக்கு எழுதினனான்?

"எழுத்தை அழிச்சிட்டு மாத்தி எழுதுங்கோவன்," என்றாள் றோஸ். மாட்டேன். அரிச்சுவடியை ஊ-விலிருந்து ஆர் தொடங்குவான்? எல்லா ஈயத்தையும் கழற்றப் போகிறேன் என்று கத்தினேன்.

றோஸ் கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். "ஏனப்பா எல்லாத்தையும்? நெட்டுக்கு வாற ஆறு வயரையும் பெட்டிக்குள்ளை நுழையிற இடத்திலை கழட்டி, மற்றப் பக்கத்திலை இருந்து ஒட்டினால் காணாதே?"

காணும், அவ்வளவே போதும். எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

பெப்ரவரி 17, சனி
அ குரைத்தது. லூக்காஸ் என் சத்தத்துக்கு மேலே தன் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் தடுமாறியபோது முன்வரிசையிலிருந்து றோஸ்: "ஈ ரெண்டைத் தட்டுங்கோ." தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தட்டினேன். அதுதான் சரி.

பெப்ரவரி 20
நின்றுகொண்டே சாப்பிட்டோம். றோஸ் எங்கேயோ ஒரு பேசும் பொம்மையை வாங்கி, சாப்பாட்டு மேசையில் குப்புறக் கிடத்தி முதுகைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடக் கூடாதாம்.