பத்துப் பேருக்கு ஒரு குப்பி

மார்ச் 3, செவ்வாய்

மாதக் கூட்டம். மருந்தை அதிகம் வீணாக்கிய நர்ஸ் எழுந்து நிற்க வேண்டுமாம். நின்றேன், இருபத்தாறு வருட சர்வீஸுக்குப் பிறகு. தட்டம்மைக் குப்பியில் பத்து டோஸ். கரைத்தால் ஆறு மணி நேரம்தான், மிச்சம் குப்பைக்கு. "ஒரு குழந்தை வந்தாலும் திறக்கணும்னு உங்க லெட்டர்லதானே சார் இருக்கு?" என்றேன். "லெட்டர் சொல்லும். உங்களுக்கு மூளை வேண்டாமா?" என்றார் மேற்பார்வையாளர். கால்குலேட்டர் என்று நாங்கள் வைத்த பெயர் வீண் போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

இனி பத்துப் பேர் சேராமல் நான் குப்பியைத் திறந்தால் ஏனென்று கேள்.

மார்ச் 4, புதன்

தடுப்பூசி நாள். நாலே குழந்தைகள். திருப்பி அனுப்பினேன். செங்கல் சூளைக்காரி ஒருத்தி, ஒன்பது மாதப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து வந்திருக்கிறாள். "அடுத்த புதன் வா" என்றேன். குழந்தை என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது.

மார்ச் 11

ஏழு பேர். சூளைக்காரியும்தான். "மூணு பேர்தானே அக்கா குறையுது?" எரிந்து விழுந்தேன். மருந்தை நான் என்ன வீட்டிலா காய்ச்சுகிறேன்?

மார்ச் 18

பதினொரு பேர். ஒருத்தியை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டுத் திறந்தேன். சூளைக்காரி வரவில்லை. அலட்சியம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கூட்டம். என் வீண் கணக்கு பூஜ்ஜியம். கைதட்டல். "பாத்துக் கத்துக்கோங்க" என்றார் கால்குலேட்டர். சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 9

சூளையில் தட்டம்மை பரவுகிறதாம்.

ஏப்ரல் 10

போனேன். அந்தக் குழந்தை இல்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே — நான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது. "மூணாவது வாட்டி மேஸ்திரி விடல அக்கா" என்று சமாதானம் சொல்கிறாள், என்னிடம். உட்கார நாற்காலி வேறு தேடுகிறாள். ஏண்டி என்னைத் திட்டல? நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாமே. கையில இருந்துச்சேடி மருந்து, ஐஸ் பெட்டியில, ரெண்டு தடவையும்.

ஏப்ரல் 11

சாப்பிடவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன்.

ஏப்ரல் 15, புதன்

சூளையிலிருந்து தாய்மார்கள் வரிசையாக வந்தார்கள், இன்னும் நோய் தொடாத குழந்தைகளோடு. முன்னால் அவள், வெறும் கையோடு. எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவள் அவள்தானாம்.

"ஒம்போதுதான் அக்கா சேந்துச்சு. திறப்பீங்களா?"

திறந்தேன். ஒன்பது ஊசி. ஒரு டோஸ் மிச்சம். யாராவது குழந்தையோடு வருவார்களா என்று அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆறு மணி நேரம். யாரும் வரவில்லை. அவள் பார்க்கவே குப்பியை வீசினேன்.

சாயங்காலம் கால்குலேட்டர் போன் செய்தார்.

"ஒண்ணு வீணாயிருக்கே, என்னாச்சு?"

"ஒரு குழந்தை குறைஞ்சுடுச்சு சார்."

"அடுத்த தடவை பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன்.