அந்த வளைவில் நீ தூக்கிய கை

நேற்றுக் காலை உப்பளத்து வரப்பில் புதிதாக ஒரு கல் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம் இருக்கும். தலையில் மஞ்சள் பெயின்ட், இன்னும் காயவில்லை. அந்த வாசனை உப்புக் காற்றோடு ரோடு வரைக்கும் வந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் கடற்கரை ரயில் பாதைக்காக மறுபடியும் அளக்கிறார்கள்.

மரக்காணத்தில் பிறந்து ரயில் ஓட்டியவன் நீ. உன் ஊருக்கு ரயில் கிடையாது. டூட்டிக்குப் போக முதலில் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால் உனக்குக் கோபம் வராது. "பேரு மட்டும் லோகோ பைலட். பைலட்னா ஏரோப்ளேன் எங்கன்னு என் வீட்டுக்காரி கேக்கறா. நீ பஸ்ஸைப் பத்திக் கேக்கறே" என்று சொல்லிவிட்டு பீடியைத் தேடுவாய்.

அளக்க வந்த இன்ஜினீயர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். டேப்லெட்டில் படத்தைக் காட்டினார். பாத்திகளின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. தலைக்கு மேல் ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது.

"உப்பளத்துப் பொம்பளைங்க எப்படிக் கடப்பாங்க?" என்று கேட்டேன்.

"சப்வே வரும் சார்."

"இந்த மண்ணுல ரெண்டடி தோண்டுனாலே தண்ணி. சப்வேல நிக்காதா?"

"பம்ப் வெச்சிடுவோம் சார்."

"கரண்ட் இல்லைன்னா?"

அவர் சிரித்தார். "சார் பத்திரிகைக்காரரா?"

நீ இருந்திருந்தால் அந்த இடத்தில் சிரித்திருக்க மாட்டாய். சிவப்புக் கோட்டில் எங்கே வளைவு வருகிறது என்று விரலால் தேடியிருப்பாய். நான் உனக்குப் பதிலாகத் தேடினேன். கல் நட்டிருந்த இடத்திலேயே வளைவு இருந்தது.

ரயில் ஓட்டும் அறையில் இரண்டு பேர் இருப்பார்கள் என்பதையும், அவர்கள் சிக்னலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்பதையும் நான் உன்னிடம்தான் கற்றேன். ஒருவர் கையைத் தூக்கி நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்து, கையைத் தூக்கி, அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் முதலில் சொன்னவர் மறுபடி பார்க்க வேண்டும். லீவில் வந்து என்னோடு டீக்கடைக்கு நடக்கும்போதும் இந்தப் பழக்கம் உன்னை விடாது. கூனிமேட்டு பஸ் வந்தால் கையைத் தூக்கி, "பஸ்" என்பாய். நான் பேசாமல் நின்றால், "டேய், சொல்லுடா. நான் மட்டும் பாத்தா எப்படி?" என்பாய். டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கையைத் தூக்கி "பஸ்" என்பேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ சொன்னது ஒரு கோடைக் காலையில். பாத்திகளில் வெயில் ஏறி, கண் கூசும் வெண்மையாக இருந்தது. நீ ரோட்டைப் பார்த்தபடியே பேசினாய். திண்டிவனத்துக்கு வடக்கே ஏரிக்கரையை ஒட்டி வரும் வளைவு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு பெண், காதில் போன். நீ ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பிரேக்கும் போட்டாய். அந்த வேகத்தில் வண்டி எங்கேயோ போய்த்தான் நிற்கும்.

"டீசல் இன்ஜின் வந்தா தரையே சொல்லிடும். இந்தக் கரண்ட் இன்ஜின் பூனை மாதிரி வருது. அவ சிரிச்சுக்கிட்டு இருந்தாப்பா. கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த உதவி ஓட்டுநர் இன்னொன்றும் சொன்னாராம். போன் ஜல்லியில் கிடந்தது, உடையவில்லை, பேச்சும் அறுந்திருக்கவில்லை. மறுமுனையில் யாரோ ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முகத்தைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டர் புத்தி" என்றாய். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பாத்தேன். இப்பவும் பாக்கறேன்" என்றாய்.

அப்போது அதை நீ ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நீ அதைச் செய்தியாகவே சொல்லியிருந்தாய். ஒவ்வொரு முறை அந்த வளைவு திரும்பும்போதும் அவள் தண்டவாளத்தில் நின்றாள். நீ பிரேக்கைத் தொட்டாய். வண்டி நெருங்கும்போது அங்கே யாரும் இல்லை.

பேயா என்று நான் கேட்டதற்கு நீ எரிச்சலோடு சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பேய்னா பரவாயில்லைப்பா, வேப்பிலை அடிச்சிட்டுப் போயிடலாம். ஒரு நாள் நிஜமாவே ஒருத்தி அங்க நின்னா? இதுவும் அவதான்னு நெனச்சு நான் போயிட்டா?"

அதனால்தான் சொல்ல ஆரம்பித்தாய். வளைவு வந்ததும் கையைத் தூக்கி, சிக்னல் சொல்லும் அதே குரலில், "ஆள்". உன்னோடு வந்த உதவி ஓட்டுநர்கள் முன்னால் பார்ப்பார்கள், பிறகு உன்னைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பதில் வராததால் நீ மறுபடி பார்ப்பாய். தண்டவாளம் வெறுமையாக இருக்கும். பதில் வராத அந்த மௌனத்தை வைத்துத்தான் நீ வண்டி ஓட்டினாய்.

பிறகு ஜெசிந்தா வந்தாள். செஞ்சிப் பக்கத்துப் பெண், உதவி ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதல் முறை நீ "ஆள்" என்றதும் அவளும் கையைத் தூக்கி, "ஆள், சார்" என்றாள். அன்று உனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது என்றாய். நீ மட்டும் பார்ப்பதில்லை, இன்னொருவருக்கும் தெரிகிறது. மாசக் கணக்கில் அப்படியே போனது. வண்டி அந்த வளைவில் கொஞ்சம் தயங்கும், பிறகு வேகம் எடுக்கும். பயணிகள் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்ஜினுக்குத் தெரிந்தது. வேகம் கணினியில் பதிவாகிக்கொண்டிருந்தது. புதிதாக முன்பக்கம் ஒரு கேமராவும் உள்ளே ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் யாரோ வரைபடத்தைப் பார்த்துவிட்டு, உன் வண்டி மட்டும் ஏன் ஒரே இடத்தில் தினமும் தயங்குகிறது என்று கேட்டார்கள். ஒலிப்பதிவைப் போட்டால் இரண்டு குரல், "ஆள்", "ஆள், சார்". படத்தைப் போட்டால் வெயில் விழுந்த வெறும் தண்டவாளம்.

விசாரணைக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாய். காபியைத் தொடவில்லை. ஜெசிந்தா, தானும் பார்த்ததாகவே சொல்லப்போகிறாளாம், அதுதான் உன் கவலை.

"விட்டுடேன். ரெண்டு பேரும் தப்பிச்சிடுவீங்க" என்றேன்.

"தப்பிக்கிறது இருக்கட்டும். அவகிட்ட கேட்டேன், 'ஏம்மா, நெஜமா நீ பாத்தியா?'ன்னு. 'இல்ல சார், நீங்க தனியா பாக்கக் கூடாதுன்னு சொன்னேன்'னு சொல்றா." நீ மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "நான் சொன்னதையே அவ சொன்னா, வண்டில ஒரு ஜோடிக் கண்ணுதான் இருக்குது. அதுவும் என் கண்ணு. பின்னாடி எத்தனை ஜனம் உக்காந்திருக்குது."

நான் ஆறிப்போன உன் காபியை எடுத்துப்போய் மறுபடி சுடவைத்தேன்.

மறுநாள் நடந்ததை உன் வாயாலும் பிறகு ஜெசிந்தாவிடமும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. அவள்தான் முதலில் பேசினாள். ஆள் இருந்தது உண்மை, கேமராவில் விழவில்லை என்றாள். அதிகாரி படத்தை நிறுத்தி, "காட்டுங்கம்மா, எங்க?" என்றார். அவள் திரையில் ஓர் இடத்தைத் தொடப் போனாள். அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"அவங்க பாக்கல சார். நான்தான் பாக்கறேன். தினமும் பாக்கறேன். என்னை இறக்கிடுங்க."

உன்னை இறக்கினார்கள். டாக்டர், கவுன்சலிங், அப்புறம் ஒரு நாற்காலி. வண்டி எடுக்கப் போகிற ஓட்டுநர்கள் குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லும் கருவிக்குப் பக்கத்தில் சில வருஷம் உட்கார்ந்திருந்தாய். சிவப்பு சிக்னலைத் தாண்டினால் தானாகவே வண்டியை நிறுத்தும் கருவி வரப்போகிறது, இனி விபத்து குறையும் என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். படித்துவிட்டு போன் செய்தாய். "நல்லா எழுதியிருக்கே. நல்ல கருவிதான். ஆனா அது சிவப்பைத்தாம்பா பாக்கும். அவளைப் பாக்காது."

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். பாத்திகளில் தண்ணீர் வடிவதற்குள் போய்விட்டாய்.

உன் வீட்டு வாசலில், பந்தல் காலைப் பிடித்தபடி ஜெசிந்தா நின்றிருந்தாள். அவளை ஒரு எச்சரிக்கையோடு விட்டிருந்தார்கள். அதற்குள் அவளே வண்டி எடுக்கத் தொடங்கியிருந்தாள். அந்த வளைவில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அந்த இடத்தில் கேட்கக் கூடாத கேள்விதான்.

"நான் பாக்கறதை மட்டும்தான் சொல்றேன் சார். அங்க ஒண்ணும் சொல்றதில்ல." பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். "ஆனா கை எழும்பிடுது சார். அது பாட்டுக்கு எழும்பிடுது."

சென்னைக்குப் போகும்போதெல்லாம் அந்த வளைவில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறேன். வண்டி தயங்குவதில்லை. யாரோடாவது போன் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் என் பேச்சு நின்றுவிடுகிறது. "ஹலோ, கேக்குதா?" என்கிறார்கள். கேட்கிறது.

நேற்று இன்ஜினீயர் ஜீப்பில் ஏறிப் போன பிறகும் நான் ரோட்டோரத்திலேயே நின்றிருந்தேன். வெயில் ஏறிவிட்டது. உப்பு கண்ணைக் குத்தியது. அந்த வெண்மைக்குள், மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில், வரப்பின் மேல் ஒரு பெண் நிற்பதுபோல் இருந்தது. காதில் கை.

நான் கையைத் தூக்கினேன். "ஆள்" என்றேன். உரக்கவே சொன்னேன்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. நீ கற்றுக்கொடுத்தபடி மறுபடி பார்த்தேன்.

இருந்தாள். உப்பு வாரும் பெண்களில் ஒருத்தி. தலையில் துண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். எதற்கோ சிரித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல், படத்தில் அந்தச் சிவப்புக் கோடு ஓடிய இடத்தைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நான் கையை இறக்கவில்லை.